சி.என்.சி. வயரிங் கிட்: சென்சார் தேறியது, ரிலே போர்டு தேறவில்லை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் கதவு, நிலை, பூஜை மாடம் செய்யும் பட்டறைகளில் பெரிய சி.என்.சி. ரௌட்டர்கள் (கணினிக் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரங்கள்) ஓடுவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் இரண்டடிக்கு மூன்றடி அளவில் ஒன்றைத் தாமே கட்டிக்கொள்ள முயல்வோர் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். சட்டம், லீனியர் ரெயில், பால் ஸ்க்ரூ, மோட்டார் என இரும்பு வேலை வரைக்கும் அவர்களுக்குத் தடை இல்லை. வெல்டிங் தெரிந்தவர் ஒருவர் பக்கத்திலேயே கிடைத்துவிடுவார். வேலை நின்றுபோவது வயரிங்கில்தான். அந்த இடத்தில் கை கொடுப்பதாகச் சொல்லி இணையத்தில் விற்கப்படும் ‘லோ வோல்டேஜ் வயரிங் கிட்’ ஒன்றை வாங்கி, அயனியும் ரப்பர் மரமும் வெட்டும் ஒரு சிறு ரௌட்டரில் முழுமையாகப் பொருத்தி ஓட்டிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். ஒரே சரக்குதான் வெவ்வேறு ஸ்டிக்கருடன் பல கடைகளில் வருகிறது என்பதால் விற்பவரின் பெயரைத் தவிர்க்கிறேன். இங்கே சொல்லப்படும் குணமும் குறையும் பொருளைப் பார்த்தே சொல்லப்படுகின்றன.

பெட்டியில் இருப்பவை: 24 வோல்ட், 15 ஆம்பியர் எனப் பொறிக்கப்பட்ட எஸ்.எம்.பி.எஸ். (வீட்டு மின்சாரத்தை டி.சி.யாக மாற்றித் தரும் மின்வழங்கி) ஒன்று, 24 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் எல்எம்2596 போர்டு ஒன்று, இயந்திரம் நகரும் எல்லையை உணர எல்ஜே12ஏ3-4-இசட் வகை ப்ராக்ஸிமிட்டி சென்சார்கள், அவற்றுக்கான ஆப்டோகப்ளர் போர்டு (மின் தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்துவது), நான்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) கொண்ட நீல நிற போர்டு, சிவப்புக் காளான் தலை கொண்ட எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன், கேபிள், கனெக்டர், டேக் ஆகிய சில்லறைகள். கன்ட்ரோலர் கிடையாது. ஆர்டுவினோ ஊனோ என்னும் சிறு கன்ட்ரோலர் போர்டும் அதன் மேல் அமரும் சி.என்.சி. ஷீல்டு என்னும் துணை போர்டும் வாங்குபவரிடம் ஏற்கெனவே இருக்கும், அதில் இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டே இணைப்புப் படம் வரையப்பட்டுள்ளது.

மின்வழங்கியில் அதிகம் நிற்கத் தேவையில்லை. நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள் நான்கு, ஒவ்வொன்றும் 3 ஆம்பியர் என்றால் மொத்தம் 12 ஆம்பியர் வேண்டும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டு மின்னோட்டத்தை நறுக்கிக் கொடுப்பதால் மின்வழங்கியிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். ஆகவே 15 ஆம்பியர் என்னும் அளவு பொருத்தமானதே. ஆனால் கிட்டில் வருவதில் டெர்மினல் மூடி சரியாக உட்காருவதில்லை, 230 வோல்ட் வந்து சேரும் திருகுகள் விரல் படும்படி வெளியே தெரிகின்றன. குழந்தைகள் நடமாடும் வீட்டுக் கொட்டகையில் இது ஏற்கத்தக்கதன்று. நான் அதை எடுத்துவிட்டு மீன்வெல் எல்ஆர்எஸ்-350-24 வைத்தேன். 24 வோல்ட்டில் 14.6 ஆம்பியர் தரும், விலை கூடுதலானாலும் கவலை குறைவு. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், பக்கவாட்டில் 115, 230 எனக் குறித்த சிறு ஸ்லைடு சுவிட்ச் இருந்தால், பிளக்கைச் சொருகுவதற்கு முன் அது 230 பக்கம் நிற்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது 115 பக்கம் நிற்கும்போது நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால், அடுத்த நொடியே வெடிச்சத்தத்துடன் அது செத்துவிடும்.

எல்எம்2596 போர்டைப் பற்றி ஒன்று மட்டும். 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் ஹீட்சிங்க் இல்லாமல் அதில் பாதியளவுக்கு மேல் நம்பக் கூடாது. மேலும், மோட்டார்களுக்குப் போகும் அதே 24 வோல்ட்டிலிருந்து இதற்கும் கொடுக்கும்படி இணைப்புப் படம் சொல்கிறது. மோட்டார் வேகம் குறைந்து நிற்கும்போது அந்த லைனில் மின்னழுத்தம் எழும்பும், டிரைவர் நறுக்குவதால் எழும் மின் இரைச்சலெல்லாம் அதில் ஏறும். சென்சாருக்கும் ரிலேக்கும் தனியாக ஒன்றிரண்டு ஆம்பியர் தரும் சிறு 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். வைத்துக்கொள்வதே நல்லது, செலவு பெரிதில்லை.

இந்த கிட்டில் என்னைத் திருப்திப்படுத்தியது சென்சார்தான். தனியாக வாங்கினாலும் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் இந்த 12 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய், மரத்தூள் பறக்கும் இடத்தில் மைக்ரோ சுவிட்சைவிட எவ்வளவோ மேல். மைக்ரோ சுவிட்சின் இடுக்கில் ரப்பர் மரத் தூள் அடைந்து லீவர் ஒட்டிக்கொள்வதைக் கண்டவர்களுக்கு இது புரியும். இண்டக்டிவ் சென்சார் தூளைப் பார்ப்பதே இல்லை. உலோகத்தை மட்டுமே உணர்கிறது, தொடாமலே உணர்கிறது, உணர்ந்தவுடன் பின்புறம் சிறு சிவப்பு விளக்கு எரிகிறது. அந்த விளக்கு ஒன்றே பாதி நேரத்தை மிச்சமாக்குகிறது: விளக்கு எரிந்தும் கன்ட்ரோலருக்குச் செய்தி போகவில்லை என்றால் கோளாறு வயரில் இருக்கிறது, எரியவே இல்லை என்றால் சென்சாரிலோ இடைவெளியிலோ இருக்கிறது.

ஆனால் அதை எதற்கு எதிரே வைப்பது என்பதில் விவரக்குறிப்பு நம்மை ஏமாற்றும். 4 மில்லிமீட்டர் உணர்தூரம் என்று எழுதப்பட்டிருப்பது சாதாரண இரும்புக்கு. அலுமினியத்துக்கு நேரே பிடித்தால் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும். நம் ஊரில் கட்டப்படும் ரௌட்டர்களில் பெரும்பாலும் கேன்ட்ரி (மேசைக்கு மேல் குறுக்கே நகரும் பாலம்) தட்டு அலுமினியம் என்பதால், சென்சார் முகத்தைத் தட்டில் ஏறக்குறைய உரசும்படி வைத்துவிட்டு, பிறகு அது இடித்து நசுங்கிவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. தட்டில் ஒரு துளை போட்டு இரும்பு போல்ட் ஒன்றை முடுக்கி, அதன் தலைக்கு எதிரே சென்சாரை வைத்தால் சிக்கல் தீர்ந்தது. இன்னும் ஒன்று: முகப்பில் நீல அல்லது ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் தொப்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை இது, அதை இரும்பு பிராக்கெட்டுக்குள் தொப்பி மூழ்கும்படி புதைத்தால் பிராக்கெட்டையே உணர்ந்து விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

வயர் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கிட்டுடன் வரும் தாளில் அது ஒரு மூலையில் கடுகு போல் அச்சிடப்பட்டிருக்கிறது. பழுப்பு என்பது பிளஸ், நீலம் என்பது பூஜ்யம், கறுப்பு என்பது சிக்னல். வீட்டு வயரிங்கில் ஊறியவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். உதவிக்கு வந்த எலக்ட்ரீஷியன், “அண்ணாச்சி, கறுப்பு நியூட்ரல்லா? அத எதுக்கு போர்டுக்குக் கொண்டு போறீய?” என்று கேட்டுக்கொண்டே நீலத்தை ஒதுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் கறுப்பு நியூட்ரலாக இருந்து பழகிய கை அது. ஆனால் இந்த வகை சென்சாரில் கறுப்பு வயர் தவறிப்போய் நேராகப் பிளஸ்ஸில் சேர்ந்தால், உலோகம் எதிரே வரும் கணத்தில் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் பிளஸ்ஸையும் பூஜ்யத்தையும் ஷார்ட் செய்து தானும் கருகிவிடும். தாளில் பெரிதாக அச்சிட வேண்டிய செய்தி இது.

அடுத்தது ஆப்டோகப்ளர் போர்டு. பலர் இதைத் தேவையற்றது என நினைத்துச் சென்சாரின் கறுப்பு வயரை நேரே ஆர்டுவினோவில் சொருகுகிறார்கள். இந்த மலிவு சென்சார்கள் பலவற்றில் சிக்னல் வயருக்கும் பிளஸ் வயருக்கும் நடுவே உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. ஆகவே உலோகம் எதிரில் இல்லாதபோது கறுப்பு வயரில் 24 வோல்ட் வந்து நிற்கும். 5 வோல்ட்டில் வேலை செய்யும் சிப்பின் காலில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. சென்சாரையே 5 வோல்ட்டில் ஓட்டிவிடலாமே என்றால், அதன் குறைந்தபட்ச அளவே 6 வோல்ட். அதற்குக் கீழே சில சென்சார்கள் வேலை செய்வதும் சில செய்யாததும் அவரவர் அதிர்ஷ்டம். ஆகவே கிட்டில் பிசி817 ஆப்டோ போர்டைச் சேர்த்திருப்பது சரியான முடிவு. போர்டைப் புரட்டிப் பார்த்தால் ஒரு சிக்கனம் தெரிகிறது: உள்வரும் பக்கத்தில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், கால் வாட் அளவில். 24 வோல்ட்டில் அதில் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் ஓடும், அதாவது கால் வாட்டுக்குச் சற்றே குறைவு. எல்லைக்கு வெகு அருகில் இருப்பதால் தொட்டால் கை சுடுகிறது. அதைக் கழற்றி 3.3 கிலோ ஓம் வைத்தேன். மின்னோட்டம் 7 மில்லி ஆம்பியருக்கு இறங்குகிறது, சூடு அடங்குகிறது, ஆப்டோவுக்கு அதுவே தாராளம்.

நார்மலி ஓப்பன் (உணராதபோது இணைப்பு திறந்திருப்பது), நார்மலி குளோஸ்டு (உணராதபோது மூடியிருப்பது) என்னும் தேர்வில் கிட் தவறான பக்கம் நிற்கிறது. வந்திருப்பவை பிஎக்ஸ் என முடியும் ஓப்பன் வகை. இயந்திரம் ஆடிக்கொண்டே இருப்பதால் எப்போதாவது ஒரு வயர் அறுந்தே தீரும். ஓப்பன் வகையில் வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது, கேன்ட்ரி எல்லையைத் தாண்டிப் போய் இடிக்கும்போதுதான் தெரியும். ஏஎக்ஸ் என முடியும் குளோஸ்டு வகையில், வயர் அறுந்தாலே எல்லையைத் தொட்டதாகக் கணக்காகி இயந்திரம் நின்றுவிடும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை, ஆர்டர் செய்யும்போதே ஏஎக்ஸ் கேட்டுவிடலாம். ஆப்டோ வழியாக இணைத்தபின் ஜிஆர்பிஎல்லில் $5 என்னும் அமைப்பை 1 என மாற்றினால் போதும். இணைப்புப் படத்தில் இன்னொரு பழைய பிழையும் கிடக்கிறது. ஷீல்டில் அச்சிட்டுள்ளபடியே இசட் லிமிட்டை, அதாவது மேல்-கீழ் நகர்வின் எல்லைச் சென்சாரை, இணைக்கச் சொல்கிறது. ஜிஆர்பிஎல் 0.9 முதல், ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதிக்காக 11, 12 ஆகிய கால்கள் இடம் மாறிவிட்டன. ஷீல்டில் ‘ஸ்பிண்டில் எனேபிள்’ என்று எழுதியிருக்கும் 12-ஆம் காலில்தான் இப்போது இசட் லிமிட் சேர வேண்டும்.

இனி ரிலே போர்டு. கிட்டின் மோசமான உறுப்பு இது. போர்டாகப் பார்த்தால் குறை அதிகமில்லை, இந்த வேலைக்குச் சேர்த்ததுதான் பொருத்தமில்லை. இது ‘ஆக்டிவ் லோ’ வகை, அதாவது கட்டளைக் காலில் பூஜ்யம் வோல்ட் வந்தால் ரிலே இழுக்கும். ஜிஆர்பிஎல்லோ ஸ்பிண்டில் நிற்க வேண்டிய நேரத்தில்தான் அந்தக் காலைப் பூஜ்யத்தில் வைத்திருக்கும். விளைவு என்னவென்றால், கன்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுத்தவுடன், எந்தக் கட்டளையும் இல்லாமலே ரிலே ‘டக்’ என்று இழுத்து, பிட்டைச் சுழற்றும் ரௌட்டர் மோட்டார் சுழலத் தொடங்கிவிடும். சுழலச் சொல்லும் எம்3 கட்டளை கொடுத்தால் நின்றுவிடும். பிட் மாட்டிக்கொண்டிருக்கும் கை அப்போது எங்கே இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் இதைச் சின்னக் குறை என்று தள்ள முடியாது. கன்ட்ரோலரைச் சேர்க்காமல் ரிலேயை மட்டும் தனியே சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

இதற்குச் சிலர் சொல்லும் குறுக்குவழி, ரிலேயின் நார்மலி குளோஸ்டு முனையில் ரௌட்டரை இணைத்துத் தலைகீழைத் தலைகீழாக்குவது. அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ரிலே போர்டுக்குப் போகும் 5 வோல்ட் எந்தக் காரணத்தால் போனாலும் ரௌட்டர் சுழல ஆரம்பிக்கும். சரியான வழி, ‘எச்’, ‘எல்’ எனக் குறித்த ஜம்பர் (இடம் மாற்றிச் சொருகும் சிறு இணைப்பான்) உள்ள ரிலே போர்டை வாங்கி எச் பக்கம் வைப்பது. அவ்வகை போர்டு எங்கும் கிடைக்கிறது. விற்பவர் அதைச் சேர்க்காமல் இதைச் சேர்த்ததற்கு, குடோனில் கிடந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

போர்டில் உள்ள நீல ரிலேக்களின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏ.சி. என்று எழுதியிருக்கிறது. அந்த எண்ணை நம்பி 1200 வாட் வேக்குவம் கிளீனரையோ பிரஷ் மோட்டார் ரௌட்டரையோ நேரே இதில் இணைக்கச் சொல்லும் படத்தை ஏற்க முடியாது. 1200 வாட் என்றால் ஓடும்போது 5 ஆம்பியர் சொச்சம்தான். ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். அந்தக் கணத்தில் கான்டாக்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிறகு நிறுத்தச் சொல்லும் எம்5 கொடுத்தாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டார் பளுவைத் தாங்கும் பெரிய ரிலே) காயிலை இழுக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்க வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மோட்டார் பம்புக்கு ஸ்டார்ட்டர் விற்கும் எந்தக் கடையிலும் கான்டாக்டர் கிடைக்கும். அதன் காயிலுக்குக் குறுக்கே, ஏ.சி. என்றால் 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் (தீப்பொறி இரைச்சலை அடக்கும் இணைப்பு), டி.சி. என்றால் 1என்4007 டயோடு ஒன்று போட்டுவிட வேண்டும். வேக்குவம் கிளீனரை ஆன் செய்யும்போதெல்லாம் லேப்டாப் இணைப்பு அறுந்து பாதி வெட்டிய பலகை வீணாகிறது என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு மருந்து இதுவே. பெரிய ஸ்பிண்டிலும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யும் வைத்திருப்பவர்களுக்கு இந்த ரிலே அப்படியே பொருந்தும், வி.எஃப்.டி.யின் ஓட்டக் கட்டளை முனையை அதன் பொது முனையுடன் சேர்த்துவிடுவது மட்டுமே ரிலேயின் வேலை. வி.எஃப்.டி.க்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் மட்டும் எதையும் வைக்கக் கூடாது.

வேகக் கட்டுப்பாட்டுடன் கூடிய ஜிஆர்பிஎல்லில் ஸ்பிண்டில் கால் துடிப்பாக வருவதால், கட்டளையில் வேகத்தைக் குறிக்கும் எஸ் மதிப்பு உச்சத்துக்குக் கீழே இருந்தால் ரிலே இழுத்தும் இழுக்காமலும் கிர்ரென்று அதிரும் என்பதையும் தாள் சொல்லவில்லை. தூசி உறிஞ்சியைக் கூலன்ட் காலான ஏ3-இல் வைத்து எம்8, எம்9 கட்டளைகளால் இயக்குவது நிம்மதி. ரிலே ஒவ்வொன்றும் 70 மில்லி ஆம்பியர் போல் தின்னும்; நான்கும் இழுத்தால் 280 ஆகும். இதை ஊனோவின் 5 வோல்ட் காலிலிருந்து எடுத்து, ஊனோவுக்கு 12 வோல்ட் அடாப்டரும் கொடுத்தால் அதன் ரெகுலேட்டர் சுடச்சுடக் காய்ந்து தானே அணைந்துவிடும். போர்டில் ஜேடி-விசிசி என்று குறித்த ஜம்பரைக் கழற்றிவிட்டுக் காயில்களுக்குத் தனி 5 வோல்ட் கொடுக்க வேண்டும். அப்போதுதான் போர்டில் இருக்கும் ஆப்டோகப்ளருக்கும் அர்த்தம் உண்டு. ஜம்பர் இருக்கும் வரை அது வெறும் அலங்காரம்.

கேபிள் விஷயத்தில் எனக்கு வருத்தத்தைவிடக் கோபம் அதிகம். விளம்பரத்தில் செம்புக் கேபிள் என்று போட்டிருந்தது. ஒரு இழையை உருவி பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. தகரம் பூசிய நல்ல செம்பு வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருக்கும். செம்பு பூசிய அலுமினியம் வெளியே சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும். வந்தது இரண்டாவது. இதனால் வோல்ட்டேஜ் இறங்கும் என்பது இங்கே பெரிய பிரச்சினை இல்லை, 0.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பிலேயே போக வர 8 மீட்டருக்கு 3 ஆம்பியரில் ஏறக்குறைய ஒரு வோல்ட் இறங்கும், ஸ்டெப்பர் டிரைவர் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். பிரச்சினை, டிராக் செயினுக்குள் (நகரும் கேபிளைத் தாங்கும் பிளாஸ்டிக் சங்கிலி) நாள் முழுக்க வளைந்து நிமிர்ந்தால் அலுமினிய இழை செம்பைவிட வெகு சீக்கிரம் முறியும் என்பதும், திருகுக்கு அடியில் அது மெல்ல நசுங்கி இறுக்கம் விட்டுப்போகும் என்பதும்தான். ஓடும்போது மோட்டாரின் ஒரு வயர் விட்டுவிட்டுத் தொட்டால் டிரைவரே போய்விடும். ஃபினோலெக்ஸ், பாலிகேப் போன்ற தெரிந்த பெயரில் பன்னிழைக் கேபிளை உள்ளூர்க் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். சென்சாருக்கு ஷீல்டு (வயர்களைச் சுற்றிய உலோக உறை) உள்ள கேபிள் வேண்டும், அந்த ஷீல்டைக் கட்டுப்பாட்டுப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

நம் மாவட்டத்துக்கென்று தனியே கவனிக்க வேண்டியது உப்புக் காற்று. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் வைக்கப்படும் பெட்டிகளில் திருகு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. குலசேகரம் பக்கம் உப்பு இல்லை, ஆனால் மழையும் ஈரமும் குறைவில்லை. இழைகளை முறுக்கி அப்படியே திருகில் கொடுப்பதை விட்டுவிட்டு, தகரப் பூச்சுடன் வரும் ‘பின்’ வகை லக்ஸ் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு இடுக்கியால் கிரிம்ப் செய்து கொடுத்தால் களிம்பு உள்ளே இறங்குவது வெகுவாகக் குறைகிறது. கிட்டில் லக்ஸ் ஒன்றுகூட இல்லை. வெளிக்காற்றை இழுத்து உள்ளே ஊதும் திறந்த ஃபேனும் கடலோரத்துக்கு ஆகாது. ரப்பர் கேஸ்கெட் உள்ள மூடிய பெட்டி, ஃபில்டர் வைத்த ஃபேன், உள்ளே சிலிக்கா ஜெல் பை என்று ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

மின்வெட்டும் இடியும் அடுத்தவை. காற்றடித்தால் தென்னை மட்டை லைனில் விழுவதும், மின்சாரம் போய்ப் போய் வருவதும் இங்கே செய்தியே அல்ல. 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கி புயலுக்குப் பின் பல ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போன மின்சாரம் திரும்பி வரும்போது ரௌட்டர் தானாகச் சுழலக் கூடாது. கான்டாக்டரை ஸ்டார்ட், ஸ்டாப் பட்டன்களுடன் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும்படி இணைத்தால், மின்சாரம் போனவுடன் விட்டுவிடும், யாராவது வந்து பட்டனை அழுத்தும் வரை திரும்ப இழுக்காது. கிட்டின் எமர்ஜென்சி பட்டனும் அந்தக் கண்ணியில்தான் இருக்க வேண்டும். பட்டன் தரமானது, அழுத்தினால் பிடித்துக்கொண்டு திருகினால்தான் விடுகிறது. ஆனால் அதை ஆர்டுவினோவின் ரீசெட் காலில் இணைக்கச் சொல்கிறது தாள். ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்ட நாளில் மென்பொருளை நிறுத்தி என்ன பயன்? அழுத்தியவுடன் மோட்டாருக்கும் ரௌட்டருக்கும் போகும் மின்சாரமே அறுபட வேண்டும்.

எர்த்தைப் பற்றி விற்பவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய வீடுகளில் மூன்றாம் பின் சுவரோடு நின்றுவிடுவது உண்டு. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினாலோ, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 அருகே காட்டவில்லை என்றாலோ முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். இயந்திரச் சட்டம், எஸ்.எம்.பி.எஸ். உடல், பெட்டிக் கதவு எல்லாம் ஒரே எர்த் போல்ட்டில் வந்து சேர வேண்டும்; வேக்குவம் குழாயில் ஏறும் ஸ்டாட்டிக்கும் அங்கேதான் இறங்கும். இரண்டு பின் சார்ஜர் மாட்டிய லேப்டாப்பையும் இயந்திரத்தையும் ஒருசேரத் தொட்டால் விரலில் சுள்ளென்று உறைப்பது சார்ஜரின் கசிவு. ஏடியூஎம்4160 சிப் உள்ள யு.எஸ்.பி. ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் வைத்தால் அந்தக் கசிவு கன்ட்ரோலருக்குள் போகாது, ஐப்பசி இடியில் லேப்டாப் தப்பிக்கவும் ஓரளவு வாய்ப்பு உண்டு. இடி நெருங்கினால் பிளக்கைப் பிடுங்கி வைப்பதற்கு மாற்று இல்லை.

ஆக, முழு கிட்டாக வாங்க வேண்டியதில்லை. சென்சாரை ஏஎக்ஸ் வகையில், ஆப்டோ போர்டுடனும் எமர்ஜென்சி பட்டனுடனும் தனித்தனியே வாங்கலாம். கிட்டில் காசுக்குத் தகுந்தவை இந்த மூன்றும்தான். மின்வழங்கி, கேபிள், கான்டாக்டர், எம்.சி.பி., லக்ஸ் ஆகியவற்றை நாகர்கோவிலில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பிசி817, ஸ்னப்பருக்கான எக்ஸ்2 கெப்பாசிட்டர் போன்ற சில்லறைக்கு மட்டும் திருவனந்தபுரம் போகும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், அல்லது இணையத்தில் தேட வேண்டும்.

விற்பவரின் சேவையையும் குறிப்பிட வேண்டும். ரிலே போர்டு ஆக்டிவ் லோவாக இருப்பதன் ஆபத்தை எழுதி அனுப்பியதும் வாதாடாமல் ஜம்பர் உள்ள போர்டை மாற்றித் தந்தார்கள், கூரியர் செலவு மட்டும் என்னுடையது. இசட் லிமிட் பிழையைத் தாளில் திருத்துவதாகவும் பதில் வந்தது. கேபிள் இழையைச் சுரண்டி எடுத்த படத்தை அனுப்பியதற்கு இதுவரை பதில் இல்லை. விளம்பரத்தில் ‘செம்பு’ என்னும் சொல் இன்னமும் அப்படியே இருக்கிறது.